பழைய போலிரோவை உயர்த்தலாமா... பெரிய டயர் மாட்டலாமா?

‘‘எங்களிடம் பழைய மகிந்திரா போலிரோ இருக்கிறது. மழைக்காலத்தில் கரிசல் வண்டிப்பாதையில் போனால் அடிப்பகுதி தட்டுகிறது. சில நேரம் சேற்றில் சிக்கிக்கொள்கிறது. பூ மூட்டைகளோடு விடிவதற்குள் சந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது. குறைந்த செலவில் வண்டியை உயர்த்தி, பெரிய டயர் மாட்ட முடியுமா?’’

- வாசகர், சங்கரன்கோவில்.

உயர்த்த முடியும். ஆனால், பழைய வண்டியைப் பொறுத்தவரை அதை உயர்த்துவதற்கு முன்பு, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல வருடங்கள் பாரம் சுமந்த வண்டியில் பின்பக்கக் கமான் பட்டைகள் தளர்ந்து, வளைவு குறைந்துவிடும். இழந்த உயரத்தை மீட்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சமதளத்தில், பாரம் இல்லாமல் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது, வலது அளவுகள் மாறியிருந்தாலோ, நல்ல நிலையில் உள்ள அதே மாடல் வண்டியைவிடக் குறைவாக இருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

கமான் பட்டை வேலை செய்யும் பட்டறையில் பட்டைகளைக் கழற்றி, மீண்டும் வளைவு ஏற்றித் தருவார்கள். உடைந்த பட்டை இருந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த புஷ், யு-போல்ட் ஆகியவற்றையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. ஒரு வாரம் ஓட்டியபின் யு-போல்ட்டை மறுபடியும் இறுக்க வேண்டும். முன்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், தளர்ந்த ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சுருள்களுக்கு இடையே ரப்பர் கட்டை செருகுவது மலிவான வழிதான். ஆனால், பால் ஜாயின்ட்டும் டயரும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

‘நீளமான ஷேக்கிள் போட்டால் போதும்’ என்று சிலர் சொல்வார்கள். 2 அங்குலம் நீளமான ஷேக்கிள் போட்டால், வண்டி சுமார் 1 அங்குலம்தான் உயரும். அதனால் பின் அச்சின் கோணம் மாறி, புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரும். வளைவில் வண்டி ஆடும். பிரேக் ஹோஸ் இழுபடவும் வாய்ப்பிருக்கிறது.

முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பாதையின் நடுமேட்டில் பெரும்பாலும் தட்டுவது, பின் அச்சின் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியல். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும், அதன் உயரம் மாறாது. பாடி மட்டும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் மட்டுமே.

அதற்கும் கணக்கு இருக்கிறது. போலிரோக்களில் பரவலாக உள்ள டயர் அளவு 215/75 ஆர் 15. இதன் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். அடுத்த அளவான 235/75 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 733 மில்லிமீட்டர். வித்தியாசம் 30 மில்லிமீட்டர். அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் மட்டுமே. இதற்காக ஸ்டெப்னியோடு சேர்த்து 5 டயர் வாங்க வேண்டும். வண்டியின் இழுவை குறையும். கிளட்ச், பிரேக்குக்குச் சுமை கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உரசலாம்.

கரிசல் சேற்றில் வண்டி சிக்குவதற்கு உயரக் குறைவைவிடப் பிடிமானக் குறைவே பெரும்பாலும் காரணம். களிமண் அப்பிக்கொண்டால் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். எனவே, அதே அளவில் ஆழமான பட்டன் உள்ள டயர் வாங்குவது சிக்கனமான வழி. கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓட்டக் கூடாது என்பது விதி. சேற்றில் ஓட்ட அந்த ஆழமும் போதாது. பழைய டயர் வாங்கினால், பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்கள். ‘2319’ என்றிருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் தயாரானது. வெடிப்பு விட்ட டயரை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

சேற்றுப் பகுதியைக் கடக்கும்போது மட்டும் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். பள்ளமான தடத்தில் சக்கரத்தை இறக்காமல், நடுமேட்டில் ஒரு சக்கரம், ஓரத்தில் ஒரு சக்கரம் என ஓட்டினால் டிஃபரன்ஷியல் தட்டாது. பாதையைப் பயன்படுத்தும் நாலு பேர் சேர்ந்து, கோடையிலேயே மோசமான இடங்களில் சரள் கொட்டி மேடாக்கினால், எல்லோருடைய வண்டியும் தப்பிக்கும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால், மாற்றத்தைக் காரணம் காட்டி காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. 15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போதும் ஆய்வு உண்டு. தளர்ந்த கமான் பட்டையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்புதான். அதில் இந்தச் சிக்கல் இல்லை.

வண்டி உயர உயர, வளைவில் கவிழும் அபாயமும் உயரும். சந்தைக்குப் பூ மூட்டை ஏற்றும் அதே வண்டியில்தான் பிள்ளைகளும் பள்ளிக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். ஆகவே, முதலில் கமான் பட்டை, புஷ்; அடுத்து அதே அளவில் நல்ல டயர்; பிறகு பாதைக்குச் சரள். இந்த வரிசையில் செலவு செய்தால், பெரிய டயர் தேவைப்படாமலே போகலாம்.