கடலடியிலும் உயர்திணை உண்டு

கடலடியில் ஒரு போர் விமானம் கிடக்கிறது என்ற செய்தி இன்று துயரச் செய்தியாக அல்ல, விடுமுறைத் திட்டமாகவே நம்மை வந்தடைகிறது. செம்பூரில் காப்பிக் கடை மேசையைச் சுற்றி அமர்ந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ஸ்கூபாப் பயணம் வகுக்கும் தமிழ் இளைஞர்களின் பேச்சைக் கேட்டால் போதும். ஆழம் எவ்வளவு, நீர் தெளிவாக இருக்குமா, படம் நன்றாக வருமா என மூன்று கேள்விகள். அங்கே இறந்தவர் யார் என்ற நான்காம் கேள்வி எழுவதேயில்லை.

தமிழ் இலக்கணம் உலகை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தது. போர்ச் சிதைவுகளைப் பற்றிய சுற்றுலா மொழியோ எல்லாவற்றையும் அஃறிணையாக்கிவிட்டது. விமானம் வீழ்ந்தது, கப்பல் மூழ்கியது, இறக்கை இன்னும் இருக்கிறது. எழுவாய் எப்போதும் இயந்திரமே. மனிதர் வந்தாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்.

1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கல வாவியிலிருந்து எழுந்த ஒரு கட்டலினா நீர்விமானம் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியது. உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி பர்ச்சால் சிறைப்பட்டு உயிர் தப்பி, ‘இலங்கையின் மீட்பர்’ எனப் புகழ்பெற்றார். அதில் இருந்தோர் 9 பேர். மாண்ட மூவர் கொலரோசி, டேவிட்சன், ஹென்ஸல். கட்டலினாவின் இறக்கை நீளத்தை ஒப்பிக்கும் ஆர்வலர் எத்தனை பேருக்கு இந்த மூன்று பெயர்கள் தெரியும்?

ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் மாண்டனர். 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கும் அக்கப்பல், பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு வகுத்த 40 மீட்டர் எல்லையைத் தாண்டியது. அந்த ஆழத்தைச் சாகசமாகப் பேசுகிறவர்கள் அதைக் கல்லறை என்று சொல்லத் தயங்குகிறார்கள்.

‘வெள்ளையர் போர், நமக்கென்ன’ என்பது முதல் எதிர்வாதம். மேலோட்டமான வாதம். அதே ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன; அச்சத்தில் சென்னை நகரமே பாதி காலியானது. பம்பாய்க்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தது. அதிலிருந்த தங்கக் கட்டிகளின் கதை இந்நகரில் அனைவருக்கும் தெரியும். உடல் சிதறி, பெயரும் பதிவாகாமல் போன கப்பல்துறைத் தொழிலாளரின் கதை யாருக்குத் தெரியும்? தீயணைப்பு வீரர்களுக்கேனும் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 நினைவு நாளாக நிற்கிறது. மூட்டை சுமந்தவருக்கு அதுவும் இல்லை. பொருளை நினைத்து ஆளை மறக்கும் இந்தப் பழக்கம் வெள்ளையருடையது மட்டுமன்று, நம்முடையதும்தான்.

‘அப்படியானால் முக்குளிப்பைத் தடைசெய்க’ என்பது இரண்டாம் வாதம். அதுவும் பிழை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமிமலை அடிவாரக் கடலில் மூழ்கியபோதுதான் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கண்ணில் பட்டன. இடித்தவன் மறைக்க நினைத்ததை மூழ்கியவன் மீட்டான். ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் 1941 டிசம்பர் 7 தாக்குதலில் அழிந்த கட்டலினா ஒன்றைப் பல்கலைக்கழக மாணவர்கள் மூழ்கி அளந்து ஆவணப்படுத்தினர். எனவே குற்றம் மூழ்குவதில் இல்லை. எதற்காக மூழ்குகிறோம் என்பதில் இருக்கிறது.

விமானத்தின் உடல் மெல்லிய அலுமினியத் தகடு. எஃகுக் கப்பலைப் போல அது தாங்காது. உப்புநீர் ஒருபுறம் அரிக்க, படகின் நங்கூரம் ஒரே இழுப்பில் இறக்கையைக் கிழித்துவிடும். கருவிப்பலகையிலிருந்து ஒருவர் ஒரு முள்ளைக் கழற்றினால், அடுத்தவர் இருக்கையைத் தேடுவார். யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை 100 ஆண்டுகள் நீரில் கிடந்தவற்றையே மரபுச்செல்வம் என்கிறது. 1942இல் வீழ்ந்தவை 2042 வரை அந்த வரையறைக்குள் வாரா. அதுவரை அவற்றுக்குக் காவல் மூழ்குபவரின் மனசாட்சியே.

ஆகவே கோரிக்கை எளியது. நங்கூரம் பாய்ச்ச வேண்டாம். நிலையான மிதவையில் படகைக் கட்டுக. எதையும் எடுக்க வேண்டாம். நீரில் இறங்குமுன் இறந்தவர் கதையைப் படகிலேயே சொல்லுக. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அதைத் தமிழிலும் சொல்லுக. அக்கரையில் மீன்பிடிப்பவர் அந்த மொழியைத்தான் பேசுகிறார். குண்டு விழுந்த நாளில் அவருடைய பாட்டனும் அங்கேதான் இருந்தான்.

படம் எடுக்கலாம், தடையில்லை. அதன் கீழே எழுதும் வாக்கியத்தில் ஒரு மனிதரேனும் எழுவாயாக இருக்கட்டும்.