கண்மாயைத் தேடினால் ஏரியும் கிடைக்க வேண்டும்!

சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு முதல்முறையாக வரும் ஒருவர், ‘‘இங்கே பெரிய ஏரி எங்கே இருக்கு?’’ என்று விசாரித்தால், உள்ளூர்க்காரர் ஒரு நொடி யோசிப்பார். பிறகு, ‘‘கண்மாயைக் கேக்குறீங்களா?’’ என்று சிரித்துவிட்டு, கவிநாடு கண்மாய்க்கு வழி சொல்வார். நகரத்துக்குள்ளேயே புதுக்குளமும் பல்லவன் குளமும் இருக்கின்றன. கிராமங்களுக்குள் போனால் ஊருணி, ஏந்தல், தாங்கல் என்று பெயர்கள் நீளும்.

ஏரி என்றாலும் கண்மாய் என்றாலும் தண்ணீர் தேக்கும் இடம்தான் என்பது மனிதர்களுக்குப் புரியும். நூலகத்துக்குப் புரியுமா?

ஒரு கல்லூரி மாணவி, தன் ஊர் கண்மாய்க்குத் தண்ணீர் வந்த பழைய வரத்துவாரி எங்கே இருந்தது என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். நூலகக் கணினியில் ‘கண்மாய்’ என்று தட்டுகிறார். தலைப்பில் அந்தச் சொல் உள்ள நாலைந்து புத்தகங்கள் வருகின்றன. ஆனால், அவருக்கு வேண்டிய தகவல் ‘ஏரிப் பாசனம்’ என்ற தலைப்பில் ஒரு நூலாக அதே கட்டடத்தில், பக்கத்து அலமாரியிலேயே இருக்கலாம். அது திரையில் வராது. மாணவியும், ‘இதைப் பற்றி யாரும் எழுதவில்லை போலிருக்கிறது’ என்று கிளம்பிவிடுவார்.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக நூலகர்கள் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்குப் பெயர், பொருள் தலைப்பு.

அலமாரியில் ஓரிடம், பட்டியலில் பல இடம்

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை எல்லோரும் பார்த்திருப்போம். அது வகைப்பாட்டு எண். அந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அது சொல்லும். ஆனால், ஒரு புத்தகம் ஓரிடத்தில்தானே நிற்க முடியும்?

சித்தன்னவாசலைப் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓவியம் இருக்கிறது, சமண சமயம் இருக்கிறது, பழைய கல்வெட்டு இருக்கிறது, புதுக்கோட்டை வரலாறும் இருக்கிறது. அதை ஓவிய அலமாரியில் வைத்தால் சமணத்தைத் தேடி வருபவர் ஏமாந்து போவார். சமண அலமாரியில் வைத்தால் ஓவியக் கல்லூரி மாணவருக்குக் கிடைக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது நூற்பட்டியல். புத்தகம் ஓரிடத்தில் நிற்கட்டும். பட்டியலில் மட்டும் ‘சுவரோவியம்’, ‘சமணம்’, ‘கல்வெட்டு’, ‘புதுக்கோட்டை மாவட்டம் – வரலாறு’ என்று நான்கு தலைப்புகளின் கீழும் அதைக் காட்டலாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் அதே புத்தகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பொருள் தலைப்பின் வேலை.

இந்தத் தலைப்புகளை நூலகர் தன் மனம்போல் வைக்க முடியாது. இன்று ‘ஏரி’ என்று எழுதி, நாளை ‘கண்மாய்’ என்றும் அடுத்த வாரம் ‘நீர்நிலை’ என்றும் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஒரு பொருளுக்கு ஒரு பெயரை முடிவு செய்து, எல்லோரும் அதையே பயன்படுத்துவார்கள். மற்ற பெயர்களைத் தூக்கி எறிவதில்லை. அவற்றிலிருந்து வழிகாட்டிப் பலகை வைப்பார்கள். ‘கண்மாய் – காண்க: பாசன ஏரிகள்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், நம் மாணவி வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

‘காண்க’ என்பது போல ‘மேலும் காண்க’ என்றும் ஒரு பலகை உண்டு. ஊருணி என்பது கண்மாய்க்கு இன்னொரு பெயர் அல்ல; ஊருணி குடிநீருக்கு, கண்மாய் பாசனத்துக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் தவறு, தொடர்பே இல்லாமல் விட்டாலும் தவறு. அதனால், ‘பாசன ஏரிகள் – மேலும் காண்க: ஊருணிகள்.’

ஜனவரி மாதம் வந்தால் புதுக்கோட்டை மாவட்டமே வாடிவாசல் பக்கம் திரும்பிவிடும். தச்சங்குறிச்சியில் தொடங்கும் அந்தக் கொண்டாட்டத்தை வெளியூர்க்காரர்கள் மொத்தமாக ‘ஜல்லிக்கட்டு’ என்பார்கள். இந்த ஊர்க்காரரிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? வாடிவாசல் வழியாக மாடு வந்தால் ஜல்லிக்கட்டு. திறந்தவெளியில் அவிழ்த்துவிட்டால் மஞ்சுவிரட்டு. நீளக் கயிற்றில் கட்டிவைத்து அடக்கினால் வடமாடு. மூன்றுக்கும் ஒரே தலைப்பு போதுமா, தனித்தனியாக வேண்டுமா என்று முடிவு செய்ய நூலகப் படிப்பு மட்டும் போதாது. ஊரையும் தெரிந்திருக்க வேண்டும்.

நிகண்டு செய்த வேலை

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஏற்பாடு’ என்று நினைக்கத் தோன்றும். நூலகத்துக்கென்று இதை விதியாக எழுதியது அங்கேதான். அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் 1876-ல் நூற்பட்டியலுக்கான விதிகளை வெளியிட்டார். ஆசிரியர் பெயர் தெரிந்தவர், புத்தகத்தின் பெயர் தெரிந்தவர், பொருள் மட்டும் தெரிந்தவர் என மூவருக்கும் பட்டியல் வழிகாட்ட வேண்டும் என்றார். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1898-ல் தன் பொருள் தலைப்புப் பட்டியலைத் தொடங்கி, 1909-க்கும் 1914-க்கும் இடையில் அச்சிட்டது. இன்று அதில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான தலைப்புகள் இருக்கின்றன. உலகின் பல நாட்டு நூலகங்கள் அதைப் பின்பற்றுகின்றன.

ஆனால், அதன் அடிப்படை யோசனை நமக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானதாகக் கருதப்படும் சேந்தன் திவாகரம் என்ற நிகண்டு, சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரிக்கிறது. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம் என்று அது போகும். ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். பதினோராவது தொகுதி இதற்கு நேர்மாறானது. ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது அது.

நூலகருக்கு வரும் தலைவலிகளும் இதே இரண்டுதான். ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது ஒன்று. ஒரு பெயருக்குப் பல பொருள் இருப்பது இன்னொன்று. ‘மா’ என்றால் மரமா, விலங்கா, அரைத்த மாவா, நில அளவா? ‘வேலி’ என்றால் தோட்டத்து வேலியா, இருபது மா சேர்ந்த நிலமா? அவ்வளவு ஏன், ‘நூல்’ என்று தேடினால் புத்தகமும் வரும், திருப்பூர் நூலும் வரும்! இதைப் பிரித்துக் காட்டத்தான் தலைப்புக்குப் பக்கத்தில் ‘நூல் (நெசவு)’, ‘வேலி (நில அளவு)’ என்று விளக்கம் சேர்க்கிறார்கள்.

சீர்காழிக்காரர் செய்தது

இந்த உலகத்தில் மறக்கக் கூடாத தமிழர், சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதே ஆண்டு நூலகப் பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் ‘மெக்கானோ’ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். ஒரே துண்டுகளைக் கழற்றி மாட்டி எத்தனையோ பொம்மைகள் செய்யலாம். அறிவுத் துறைகளையும் இப்படிச் சின்னத் துண்டுகளாக வைத்து, தேவைக்குத் தகுந்தபடி இணைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் வெளிவந்த அவருடைய ‘கோலன் பகுப்பு’ முறை அந்த யோசனையில் பிறந்தது. வகைப்பாட்டு எண்ணிலிருந்தே பொருள் தலைப்புகளை வரிசையாக உருவாக்கும் சங்கிலி முறையும் அவர் தந்ததுதான்.

1931-ல் அவர் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நம் மாணவிக்கு ‘கண்மாய் – காண்க: பாசன ஏரிகள்’ என்ற ஒரு வரி செய்து கொடுப்பது அதைத்தான்.

‘‘கூகுள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?’’

நியாயமான கேள்வி. ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ இயற்கை விவசாயம் பற்றிய உலகப் புகழ்பெற்ற நூல். தலைப்பில் ‘இயற்கை’யும் இல்லை, ‘விவசாய’மும் இல்லை. ஏற்கெனவே பிரபலமான நூல் என்பதால் கூகுளுக்குத் தெரியும். நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஊரில் 500 பிரதி அச்சான புத்தகம்? இணையத்தில் உள்ள பழைய தமிழ்ப் புத்தகங்களில் பல, பக்கங்களைப் படம் பிடித்து ஏற்றியவை. உள்ளே உள்ள எழுத்துகளில் தேட முடியாது. அவற்றைக் கண்டுபிடிக்க இருப்பது, பட்டியலில் யாரோ ஒருவர் யோசித்து எழுதிய தலைப்பு மட்டும்தான்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா.கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி தங்கள் சொந்த உழைப்பில் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நூல்கள் சேர்ந்தன. பலவும் கிடைத்தற்கரிய முதல் பதிப்புகள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இப்படியே நூல்களும் இதழ்களுமாகச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. தனி மனிதர் சேர்க்கும் நூலகத்தில், ‘அந்தப் புத்தகம் மூணாவது தட்டுல இருக்கு’ என்று சொல்ல அவர் இருப்பார். அவருக்குப் பிறகு பட்டியல்தான் பேச வேண்டும். பட்டியலில் இல்லாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

பெயர் மாறினால்?

புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அந்த ஆண்டு மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது. ஆக, ஒரே ஊரைப் பற்றி 1940, 1960, 1980-ல் வந்த மூன்று புத்தகங்கள் மூன்று இடப்பெயர்களின் கீழ் பதிவாகியிருக்கலாம். மூன்றையும் இணைக்கும் ‘மேலும் காண்க’ இல்லையென்றால், உங்கள் ஊர் வரலாறு மூன்று துண்டாகக் கிடக்கும்.

சில பெயர் மாற்றங்கள் மனித மரியாதை சம்பந்தப்பட்டவை. அமெரிக்கப் பட்டியலில் இந்தியாவின் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய நூல்கள் ‘தீண்டத்தகாதவர்கள்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பின் கீழ் இருந்தன. பிறகு அது ‘தலித்துகள்’ என்று மாறியது. பழைய சொல் இப்போது வழிகாட்டிப் பலகை மட்டுமே. ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களை ‘சட்டவிரோத அந்நியர்’ என்று குறித்த தலைப்பை மாற்றச் சொல்லி டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் போராடினார்கள். 2016-ல் மாற்றப்போவதாக நூலகம் அறிவித்ததும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 2021 நவம்பரில்தான் அது மாறியது. நூலகப் பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டை! தன்னைப் பற்றிய புத்தகத்தைத் தேடி வருபவர், தன்னை இழிவுபடுத்தும் சொல்லைத் தட்டித்தான் அதை எடுக்க வேண்டும் என்றால் மனம் வலிக்காதா?

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: அடுத்த முறை நூலகக் கணினியிலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகம் கிடைத்தால், அதன் விவரங்களில் ‘பொருள்’, ‘குறிச்சொல்’ என்று வரும் வரிகளைப் பாருங்கள். அதே சொல்லை வைத்து மறுபடி தேடுங்கள். நீங்கள் யோசித்தே பார்க்காத புத்தகங்கள் வரும்.

இரண்டு: ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். கண்மாயை ஏரி என்றும் குளம் என்றும் தேடுங்கள். மாவட்டத்தின் பழைய பெயரையும் போட்டுப் பாருங்கள். நூலகரிடம் கேளுங்கள், நல்ல கேள்வி கேட்கும் வாசகரை அவர்களுக்குப் பிடிக்கும்.

மூன்று: ஊர் வரலாறு, கோயில் வரலாறு, குடும்ப வரலாறு என்று ஏதாவது எழுதி அச்சிட்டால், முதல் பக்கத்திலேயே ஊரின் பழைய பெயர், இப்போதைய வட்டம், மாவட்டம், அந்த நீர்நிலைக்கும் திருவிழாவுக்கும் வழங்கும் எல்லாப் பெயர்களையும் எழுதிவிடுங்கள். பட்டியல் தயாரிக்கும் நூலகருக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.

உங்கள் ஊரில் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு என்ன பெயர்? ஏரி, கண்மாய், குளம், ஏந்தல், தாங்கல் – இந்த ஐந்தில் இல்லாத ஒரு பெயர் இருந்தால், ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள். பாட்டிமார்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அவர்களிடம் கட்டாயம் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும்.