குற்றவாளி பொறியா, துபாஷியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கல்லூரி மாணவனின் வாழ்வு தாளில் தொடங்கித் தாளில் முடிகிறது. சேர்க்கை விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகைப் படிவம், தேர்வு நுழைவுச் சீட்டு எல்லாம் இன்று கணிப்பொறித் திரையில்தான் பிறக்கின்றன. ஆயினும் அச்சேறிக் கையொப்பமும் முத்திரையும் பெற்ற பிறகே அவை மதிப்படைகின்றன. தாளில்லா உலகம் வந்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் முழங்கட்டும். நுழைவுச் சீட்டைக் கைப்பேசியில் காட்டும் மாணவனைத் தேர்வுக்கூட வாசலில் என்ன செய்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்! ஆகவே பிரிண்டர் நின்றுவிட்டது என்பது, வீட்டிலேயே ஒன்று வைத்திருக்கும் நண்பனுக்குச் சிறிய செய்தியாக இருக்கலாம். கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பவேண்டிய என்னைப் போன்றவனுக்கு அது ஒரு நாள் இழப்பு. கையெழுத்துப் போட உடன் வந்த தகப்பனுக்கு ஒரு நாள் கூலி இழப்பு.

இப்படி நின்ற பொறியைப் பார்த்தவுடன் நாம் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: "மிஷின் போச்சு." இத்தீர்ப்பு பல வேளைகளில் தவறானது என்பதே என் கட்சி. பொறி நன்றாக இருக்கும். கணிப்பொறியும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று பேசவேண்டிய ஒருவன் வாய்மூடி நிற்பான். அவன்தான் டிரைவர்.

டிரைவர் என்றதும் காக்கிச் சட்டையும் ஸ்டியரிங்கும் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. நூல்களில் "இயக்கி" என்று எழுதுகிறார்கள். இரண்டு சொல்லும் எனக்கு நிறைவு தரவில்லை. இந்த மென்பொருள் செய்வது மொழிபெயர்ப்பு வேலை. புதுச்சேரியில் துய்ப்ளேக்சு கவர்னராக இருந்த நாளில், வெள்ளைக்காரக் கும்பினிக்கும் ஊர் வணிகர்களுக்கும் இடையே ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக நின்றாரே, அந்த வேலை. துபாஷி இல்லையேல் கும்பினியிடம் பணமிருந்தும், வணிகரிடம் சரக்கிருந்தும், வியாபாரம் நடவாது.

துபாஷிக்கு எவ்வளவு வேலை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் அச்சிட்டால் குறுக்கே சுமார் 4,960 புள்ளிகளும் நெடுக்கே சுமார் 7,016 புள்ளிகளும் அடங்கும். பெருக்கினால் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம்! நாம் தட்டெழுதிய ஓர் "அ" என்னும் எழுத்து, இவற்றுள் எந்தெந்தப் புள்ளிகளில் மையாக விழவேண்டும் என்று யாரோ ஒருவர் கணக்கிட்டாக வேண்டும். சில அச்சுப்பொறிகள் அக்கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளும் அறிவு படைத்தவை. அவற்றுக்கென்று மொழிகள் உண்டு. எச்.பி. நிறுவனத்தின் பி.சி.எல். ஒன்று, 1984இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மற்றொன்று. மலிவு விலைப் பொறிகள் பலவற்றுக்கு அந்த அறிவு கிடையாது. கணிப்பொறியே முழுக் கணக்கையும் போட்டு, அந்தப் பொறிக்கு மட்டும் விளங்கும் பாஷையில் அனுப்ப வேண்டும். நம் ஊர் மேசைகளில் நெடுநாளாகக் காணும் கேனன் எல்.பி.பி. 2900 தன் நிறுவனத்துக்கே உரிய "கேப்ட்" என்னும் மொழியில்தான் பேசும். எச்.பி. லேசர்ஜெட் 1020இன் கதை இன்னும் வேடிக்கை. மின்சாரத்தை நிறுத்தினால் தன் உள்நிரலையே மறந்துவிடும். மறுபடி சுவிட்சைப் போட்டதும் கணிப்பொறிதான் அதை ஊட்ட வேண்டும். விலை குறைந்ததற்குக் காரணமும் இதுதான். ஆனால் இத்தகைய பொறிக்குத் துபாஷி இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

அப்படியாயின் குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது எவ்வாறு? மாலை வேளைகளில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்க்கிறேன். அங்குக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் இருவரையும் பிரித்து விசாரிக்க வேண்டும். கணிப்பொறிக் கம்பியைக் கழற்றிவிட்டு, பொறியின் பொத்தானை அழுத்தியே சோதனைத் தாள் எடுக்கப் பல பொறிகளில் வழியுண்டு. அந்தத் தாள் பளிச்சென்று வந்தால் டோனரையும் உருளையையும் நோண்டுவதில் பொருளில்லை. கோளாறு கம்பியிலோ டிரைவரிலோ இருக்கிறது. கம்பியை வேறு துளையில் மாற்றிச் செருகும் பழக்கம் நமக்கு உண்டு. அப்படிச் செருகினால் விண்டோஸ் சில சமயம் அதை வேறொரு புதுப் பொறி என்று எண்ணி, பெயரோடு "காப்பி 1" என்று சேர்த்து இன்னொரு பதிவு போட்டுவிடும். நாம் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருப்போம். அது "ஆஃப்லைன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பொறி ஒன்று, பெயர் இரண்டு! ரேஷன் அட்டையில் நேர்வதுதான் இங்கும் நேர்கிறது.

ரேஷன் என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். அச்சுக்குப் போகும் கோப்புகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் "ஸ்பூலர்" என்றொரு சேவை விண்டோஸில் உண்டு. வரிசையின் தலையில் நிற்பவர் அட்டைத் தகராறு செய்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் நிற்கவேண்டியதுதானே? கெட்டுப்போன ஒரு கோப்பு தலையில் சிக்கிக்கொண்டால், பின்னால் நாற்பது விண்ணப்பங்கள் காத்துக் கிடக்கும். நாமோ பொறியின் தலையில் தட்டுகிறோம். ஸ்பூலரை நிறுத்தி, "ஸ்பூல்" உறையினுள் இருக்கும் "பிரிண்டர்ஸ்" உறையைக் காலி செய்து, மீண்டும் தொடங்கினால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை.

தாளுக்கு ஒரு வரி வீதம் புரியாத குறிகளும் எழுத்துகளுமாகக் கொட்டுகிறதா? அது பேய்வேலை அன்று. தவறான துபாஷி அமர்ந்திருக்கிறான். போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பொறிக்குப் போஸ்ட்ஸ்கிரிப்டில் கட்டளை போகிறது. அது கட்டளையையே எழுத்தாக அச்சடித்துத் தள்ளுகிறது. பொறியின் மாதிரி எண்ணைப் பார்த்து உரிய டிரைவரை நிறுவ வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். பட்டியலிலிருந்து பிரிண்டரை நீக்கினால் டிரைவரும் போய்விட்டது என்று எண்ணுகிறோம். போவதில்லை. "பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்" என்னும் பலகத்தில் டிரைவர்கள் தனிப் பட்டியலாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கும் நீக்கிய பிறகே மறுபடி நிறுவ வேண்டும். யு.எஸ்.பி. பொறியாயின், நிறுவும் மென்பொருள் கேட்கும்போதுதான் கம்பியைச் செருக வேண்டும். அவசரப்பட்டு முன்பே செருகினால் விண்டோஸ் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடும்.

"எல்லாவற்றுக்கும் டிரைவரைப் புதுப்பித்துவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வதுண்டு. இது ஒரு மூடநம்பிக்கை. தாள் சிக்கினாலும் புதுப்பி, மை மங்கினாலும் புதுப்பி என்பது, காலில் முள் தைத்தவனுக்குக் கண் மருந்து கொடுப்பது போல. இயங்குதளம் மாறும்போது, பழைய டிரைவரில் குறை இருப்பது தெரிந்தபோது, பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படும்போது புதுப்பிக்க வேண்டும். ஒழுங்காக ஓடும் டிரைவரை வெறும் ஆசைக்காகக் கலைக்க வேண்டியதில்லை. இணையத்தில் "உங்கள் டிரைவர்கள் பழையன" என்று மிரட்டி, இலவசமாகப் புதுப்பித்துத் தருவதாக அழைக்கும் கடைகளை நம்பவே கூடாது. பொறியைச் செய்த நிறுவனத்தின் தளத்துக்கே நேராகச் செல்வதுதான் அறிவுடைமை.

ஆய்வகத்தில் டிரைவர் நிறுவ நம்மை விடுவதில்லை என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இதில் நான் ஆய்வக உதவியாளர் பக்கம். 2021 ஜூலையில் "பிரிண்ட்நைட்மேர்" என்ற ஓட்டை உலகையே கலக்கியது. டிரைவர் நிறுவுவதாகச் சொல்லிக்கொண்டு, ஸ்பூலர் வழியே அயலான் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. ஆகஸ்டு மாதம் மைக்ரோசாஃப்ட், நிர்வாகி உரிமை உள்ளவர் மட்டுமே பிணைய அச்சுப்பொறிகளுக்கு டிரைவர் நிறுவலாம் என்று விதியை இறுக்கியது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல் பரவிய வழிகளுள் ஒன்றும் இதே ஸ்பூலர்தான். பூட்டு இருப்பது நியாயம். சாவி வைத்திருப்பவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இனி, உண்மையான அநியாயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் கடை அண்ணாச்சி புதுக் கணிப்பொறி வாங்கினார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்ததால், பலரும் மாறிய நேரம் அது. மாறிய அன்றே பழைய லேசர் பொறி நின்றது. பார்க்க வந்த மெக்கானிக், "இதுக்கு ஆயுசு முடிஞ்சது, புதுசு வாங்கிருங்க" என்றார். சோதனைத் தாள் எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் வந்தது. ஆயுள் முடிந்தது பொறிக்கன்று. அதைச் செய்த நிறுவனம் 32 பிட் இயங்குதளங்களுக்கு மட்டும் டிரைவர் எழுதிவிட்டுக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அண்ணாச்சி நிலைமையை ஒரே வரியில் சொன்னார்: "தாத்தாவும் பேரனும் ஒரே பாஷையில பேச மாட்டேங்காவ, தம்பி."

மூலையில் கிடந்த பழைய கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவினோம். அந்தப் பொறியின் மொழியைத் தாமாகவே ஆராய்ந்து சிலர் எழுதி வைத்த இலவச டிரைவர் கிடைத்தது. 1999இல் வெளிவந்த "கப்ஸ்" என்னும் அச்சு முறை லினக்ஸில் இருக்கிறது. அதன் வழியே புதுக் கணிப்பொறிக்கும் பகிர்ந்து கொடுத்தோம். மூன்று மாலைகள் ஆயின. செலவு, ஒரு பிணையக் கம்பி. அந்தப் பொறி இன்றும் வருமானச் சான்றுகளை அச்சடித்துக்கொண்டிருக்கிறது.

முகம் தெரியாத அந்தச் சிலர் ஏன் இதை எழுதினார்கள்? 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. அது அடிக்கடி தாள் சிக்கி நின்றது. பழைய பொறியில், நின்றவுடன் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பொறிக்கும் அப்படியே செய்ய மூல நிரலைக் கேட்டார். அதை வைத்திருந்த ஒருவர், யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துவிட்டேன் என மறுத்தார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் ஆழத் தைத்தது. 1983 செப்டம்பரில் அவர் அறிவித்த "குனு" திட்டத்தின் வழியே வளர்ந்ததுதான் கட்டற்ற மென்பொருள் இயக்கம். ஓர் அச்சுப்பொறியின் பிடிவாதத்துக்கு இவ்வளவு பெரிய பிள்ளை!

துபாஷியே வேண்டாத காலமும் வந்துகொண்டிருக்கிறது. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், பின்னர் வந்த ஐ.பி.பி. எவ்ரிவேர் ஆகியவை எல்லாப் பொறிகளுக்கும் பொதுமொழி ஒன்றைத் தருகின்றன. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும், நிறுவனங்களின் தனித்தனி டிரைவர்களைத் தன் அப்டேட் வழியே வழங்குவதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பொதுமொழி அறியாத பழைய பொறிகள் நம்மைப் போன்றோர் கையில்தான் இருக்கின்றன. புதியன வாங்குகிறவர்களாவது, பக்கத்துக்கு எத்தனை காசு என்று கேட்பதோடு நில்லாமல், எந்த மொழி பேசும் என்றும் கேட்க வேண்டும். அரசுப் பணத்தில் வாங்குவோருக்கு இக்கடமை இரட்டிப்பாகும்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, அறிவியல் மாணவன் பாடத்தைப் படிக்கட்டும்" என்று சில பெரியோர் கூறக்கூடும். ஒன்றைப் பிரித்து வைத்துச் சோதித்து, காரணம் இன்னதெனக் காண்பதுதானே ஆய்வகத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்படுகிறது? மீட்டர் பாலத்தில் செய்வதை அச்சுப்பொறியில் செய்தால் தகுதி குறைந்துவிடுமா?

நம் கணிப்பொறி ஆய்வகத்தின் பின்னறையில் துணி போர்த்திய அச்சுப்பொறிகள் மூன்று இருக்கின்றன. பழுது என்று எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. என்ன பழுது என்று எழுதப்படவில்லை. ஒவ்வொன்றின் மாதிரி எண், டிரைவரின் பதிப்பு, நிறுவிய நாள் ஆகியவற்றைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும், டிரைவர் கோப்புகளைச் சேர்த்து வைக்க ஒரு பென்டிரைவும் போதும். பேராசிரியப் பெருமக்கள் அனுமதி தந்தால், எந்தச் சனிக்கிழமை பிற்பகலிலும் அந்தத் துணிகளை விலக்கிச் சோதனைத் தாள் எடுத்துப் பார்க்க நாங்கள் நால்வர் காத்திருக்கிறோம். தாள் மட்டும் கல்லூரி தரவேண்டும்.