சாவி வேண்டாம், ஸ்பேனர் கொடுங்க!

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் மீசை முளைக்காத பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். சாவி கொடுத்தது யார்? பெற்ற அப்பாதான்! "பையன் ஆசைப்பட்டான், கொடுத்தேன்" என்கிறார். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஆம்பூர் வழியாகத்தான் போகிறது. வருகிற லாரிக்குப் பையன் ஆசை தெரியுமா?

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கடுமையானது. 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அப்பாவுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

பையனின் வண்டி ஆசை தப்பில்லை. அதை வேறு பக்கம் திருப்பலாம்.

1926-ல் பிரான்சில் பந்தயக் கார் முதலாளி புகாட்டி, கடைக்குட்டி மகனுக்கு ஒரு பரிசு கொடுத்தார். மூத்த மகனோடு சேர்ந்து செய்த குட்டிக் கார்! தன் பந்தயக் காரின் பாதி அளவு, பாட்டரியில் ஓடும். பார்த்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அதுவே வியாபாரமாச்சு.

1949-ல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி, தொழிற்சாலையில் மிஞ்சிய தகட்டுத் துண்டுகளில் பெடல் கார் செய்தது. செய்தவர்கள் வேல்ஸ் நாட்டில், தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளிகள். 1971 வரை 32 ஆயிரம் கார்கள்!

துண்டுக்கு இங்கே பஞ்சமா? ஷூ கம்பெனிகளில் கத்தரித்து விழும் தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. ஷூ தைக்கத் தெரிந்த அம்மா, குட்டிக் காருக்கு சீட்டு தைக்க மாட்டாரா? 2014-ல் நின்றுபோன அம்பாசடர் சுமார் 14 அடி நீளம். நாலில் ஒரு பங்கு என்றால் மூன்றரை அடி. பையனே கணக்குப் போடட்டும், தகடு அடிக்கட்டும். பிரேக் எதற்கு என்று அப்போது தானே புரியும்.

ஒரு எச்சரிக்கை. மராட்டியத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் மகனுக்காக 60 ஆயிரம் ரூபாயில் குட்டி ஜீப் செய்தார். 2021-ல் நாடே பார்த்தது. ஆனால் ரோட்டில் ஓட்ட விதி இடம் தராது என்று மகிந்திரா கம்பெனித் தலைவரே சொல்லி, 2022-ல் பதிலுக்குப் புது பொலிரோ கொடுத்தார். ஆகவே குட்டிக் காருக்கு எஞ்சின் வேண்டாம், பெடல் போதும். ஓட்டம் வீட்டு வாசலோடு, பள்ளி மைதானத்தோடு நிற்கட்டும்.

மிஞ்சிய துண்டுகளைப் பள்ளிகளுக்கும் ஐ.டி.ஐ.களுக்கும் கொடுக்க ஷூ கம்பெனிகள் முன்வரவேண்டும். கம்பெனிக்குக் குப்பை குறையும். அப்பாவுக்கு கோர்ட்டு அலைச்சல் மிஞ்சும். பையன் உயிரோடு இருப்பான்!