வாயால் சொன்னது போதும், தாளில் எழுதுங்கள்!

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை என்று தாராவித் தோழர்கள் நம்மிடம் வருகிறார்கள். மனுவின் நகல் எங்கே என்று கேட்டால், நேரில் சொன்னோம், ஏஜெண்டிடம் பணம் கொடுத்தோம் என்கிறார்கள். நேரில் சொன்னதற்குச் சாட்சி ஏது?

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். நம் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்து வையுங்கள்.

அப்படியும் பதில் இல்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘எங்கள் மனு எந்த அதிகாரியிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது?’ என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மராத்தி, இந்தி, ஆங்கிலம் எதில் எழுதினாலும் செல்லும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்று 6ஆவது பிரிவு சொல்கிறது.

மத்திய அரசு அலுவலகத்துக்குக் குறை மனுவைத் தமிழிலேயே தரலாம். அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு தந்த உரிமை அது. முகம் சுளிப்பார்கள். (நாமும் குமாஸ்தாதானே, தெரியாதா!) சுளிக்கட்டும், முத்திரை விழுந்தால் சரி.

எழுதக் கை வராதவர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். ஏஜெண்டுக்கு எடுத்து வைத்த பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.