தாளின் கணக்கும் ஆளின் கணக்கும்

கந்தோரில் இருப்பது ஒரே அச்சுப்பொறி. வலையமைப்பு வழியாக அதனைப் பயன்படுத்துவோரோ இருபது பேர். மாத முடிவில் தாளெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் கல்லூரிகளிலும் கந்தோர்களிலும் கடமையாற்றும் அன்பர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

றோணியோ இயந்திரக் காலத்தில் இத்தொல்லை குறைவு. இயந்திரம் பூட்டிய அறையில் இருக்கும். திறவுகோல் இலிகிதரிடம் இருக்கும். எத்தனை தாள் என்று இருப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே வினாத்தாள் வெளிவரும். வலையமைப்பு வந்ததும் திறவுகோல் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. இருப்பேடு மட்டும் காணாமற்போயிற்று. இதில் வியப்பில்லை. 1973 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் ஈதர்நெற் வலையமைப்பு உருவானதற்கு, பல கணனிகள் ஒரு லேசர் அச்சுப்பொறியைப் பகிரவேண்டும் என்ற தேவையும் ஒரு காரணமன்றோ!

தாளின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபகுதியின் செய்தித்தாள்களே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. 2022 மார்ச்சில், தாள் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இன்றி, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே இருப்பேடு மீண்டும் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. எதனை அதில் எழுதுவது என்பதிலேதான் வில்லங்கம்.

கப்ஸ் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸ் கணனிகளிலும் ஆப்பிள் மாக் கணனிகளிலும் அச்சுப்பணியை நடத்துவது அதுவே. கணக்கெழுதும்படி பணித்தால் ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரி எழுதிவைக்கும்: யார், எந்நாள், எந்நேரம், எத்தனை பிரதி, எக்கணனியிலிருந்து என்று. ஆயினும் அவ்வரியை வேதவாக்காகக் கொள்ளலாகாது. தாள் இறுகி நின்றுபோன பணியும் கணக்கில் ஏறிவிடலாம். இருபுறமும் அச்சிட்டால் 2 பக்கத்துக்குச் செலவாவது ஒரே தாள். அச்சுப்பொறியின் உள்ளே, வீட்டு மின்மானி போல, தனியே ஓர் எண்ணி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எவரையும் குற்றங்கூறுவது முறையன்று.

இத்தனை நாளில் இத்தனை பக்கமே என்று எல்லை வகுக்கவும் அம்மென்பொருளில் இடமுண்டு. ஆனால் அவ்வெல்லை அந்த அச்சுப்பொறியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் ஒன்றே. ஐந்து வகுப்புகளுக்குத் தவணை வினாத்தாள் ஆக்கும் ஆசிரியைக்கும், மாதத்தில் ஒரு கடிதம் அச்சிடும் அதிகாரிக்கும் ஒரே அளவு! தமது அளவு முடிந்ததும் அந்த ஆசிரியை, சம்பளப் பணத்திலிருந்து எடுத்துக் கடையிற் போட்டோப்பிரதி செய்வார். கந்தோர்க் கணக்கிலே அது சிக்கனமாகத் தோன்றும்.

இதனினும் நம்மை உறுத்துவது வேறொன்று. கப்ஸின் வழக்கமான கணக்கு வரியிலே ஆவணத்தின் பெயரும் சேர்ந்துவிடுகிறது. இடமாற்ற விண்ணப்பமோ, மருத்துவ விடுமுறைக் கடிதமோ, மேலதிகாரியைப் பற்றிய முறைப்பாடோ, பெயரைப் பார்த்தாலே விடயம் விளங்கிவிடும். சிறிய ஊர்களில் ஒருவர் அறிந்தது ஊர் அறிந்ததாகும். முறைப்பாடு எழுதத் துணிந்தவர் அதனை அச்சிடத் துணியமாட்டார்.

1942 முதல் 1979 வரை இந்நாட்டில் கூப்பன் அரிசி வழங்கப்பட்டது. சங்கக்கடையில் அரிசியின் அளவைத்தான் பதிந்தார்கள். அதனைச் சோறாக்கினீர்களா, கஞ்சியாக்கினீர்களா என்று எவரும் கேட்கவில்லை. தாளுக்கும் அவ்வளவு கணக்குப் போதும். கணக்கு வரியில் எவை இடம்பெறவேண்டும் என்பதைக் கப்ஸின் அமைப்புக் கோப்பில் நிர்வாகி தாமே வகுக்கலாம். ஆவணப் பெயரை அதிலிருந்து நீக்குவதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. உங்கள் கல்லூரியிலோ கந்தோரிலோ அந்த வரி எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை மாதக் கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அதனைத் திறந்து பார்ப்பவர் யார் என்று நாளைக்கே விசாரித்துப் பாருங்கள்.