எதிரொலி கேட்டால் யார் மன்னிப்புக் கேட்பது?

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பிக்குத் தொழிற்பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு இணையத் தொலைபேசி வழி நடந்தது. பேசத் தொடங்கியதுமே அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சற்றுத் தாமதமாக அவன் காதுக்கே திரும்பி வந்தது. "மன்னிக்கவும் சார், என் லைன் சரியில்லை" என்று மூன்று முறை சொன்னான். அறை மாறிப் பார்த்தான். துண்டித்து மீண்டும் அழைத்தான். எதிரொலி போகவில்லை. தெரிந்த பதிலைக்கூடத் திணறித்தான் சொல்லி முடித்தான்.

அன்றிரவு, "என் போன்தான்க்கா மோசம்" என்றான்.

"அவங்களுக்கு உன் குரல் எப்படிக் கேட்டுச்சாம்?"

"தெளிவா கேட்குதுன்னுதான் சொன்னாங்க."

அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. நம் குரல் நமக்கே திரும்பிக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் நம் பக்கம் இல்லை. நம் குரல் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. அங்கே ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்திருந்தால், அதில் வரும் நம் குரலைப் பக்கத்திலுள்ள மைக் பிடித்து நமக்கே அனுப்பிவிடும். எதிரொலியை உண்டாக்குபவருக்கு அது கேட்பதில்லை. கேட்பவர்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்.

எதிரொலி நாம் படிக்காத பாடமன்று. வௌவால் பறப்பதையும் கப்பல் கடலாழம் அளப்பதையும் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அதே எதிரொலி காதில் விழும்போது, 'இது எங்கே பட்டுத் திரும்புகிறது?' என்று கேட்கத் தோன்றுவதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கருவிகளைப் பயன்படுத்தத் தெரிகிறது. கோளாற்றைப் படிப்படியாகத் தேட யாரும் கற்றுத் தரவில்லை என்பதே என் ஆதங்கம்.

பழைய தொலைபேசியிலும் எதிரொலி இருந்தது. வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகள் நெடுந்தொலைவுப் பாதையின் நான்கு கம்பிகளோடு சேரும் இடத்தில் குரலின் ஒரு பகுதி திரும்பிவிடும். உள்ளூர் அழைப்பில் அது உடனே வந்து நம் பேச்சோடு கலந்துவிடுவதால் தெரியாது. 1960களில் செயற்கைக்கோள் வழிப் பேச்சு வந்தது. சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்க ஒரு வழிக்கே கால் நொடி ஆனதால் எதிரொலி தனியாகக் கேட்டது. அதைக் கணித்துக் கழிக்கும் முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். அவர்களுள் ஒருவரான மன் மோகன் சோந்தி 1967இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்.

இணையத் தொலைபேசியும் தாமதத்தைக் கூட்டுகிறது. குரலைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பி, மறுமுனையில் வரிசைப்படுத்தி ஒலிக்க நேரம் பிடிக்கிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் எதிரொலியை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளதைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே தேடும் வழி எளிது. முதலில், எதிரொலி யாருக்குக் கேட்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு என்றால், எதிரே இருப்பவரை ஸ்பீக்கர் ஒலியைக் குறைக்கவோ ஹெட்செட் மாட்டவோ சொல்லுங்கள். அவருக்கு என்றால், அதையே நீங்கள் செய்யுங்கள். நின்றுவிட்டால் காரணம் கிடைத்தது.

அலுவலகமானால் உள்ளெண்ணுக்கு ஒருமுறை, வெளியே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். உள்ளே தெளிவாக இருந்து, வெளியே பேசும்போது மட்டும் எதிரொலித்தால், இணையத் தொலைபேசி பழைய கம்பி இணைப்போடு சேரும் பெட்டியைச் சந்தேகிக்கலாம். அதன் ஒலி அளவையும் எதிரொலி நீக்கும் அமைப்பையும் தொழில்நுட்பரிடம் பார்க்கச் சொல்லலாம். நெரிசலான வைஃபையை விட்டுக் கேபிளில் பேசிப் பார்த்தால் தாமதம் குறைகிறதா என்பதும் தெரியும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இதைக் கற்பிக்கப் புதிய பாடநூல் வேண்டாம். பள்ளிக் கணினிக் கழகத்தில் இரண்டு கைப்பேசிகளும் ஒரு மணி நேரமும் போதும். வேண்டுமென்றே எதிரொலியை உண்டாக்கி, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அறிவியல் சோதனையின் ஒழுங்கும் அதுதானே?

அந்தப் பயிற்சி இடம் தம்பிக்குக் கிடைக்கவில்லை. எதிரொலி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நேர்முகத் தேர்வில் மீண்டும் தன் குரல் திரும்பி வந்தபோது அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. "சார், என் குரல் எனக்கே திரும்பிக் கேட்கிறது. உங்கள் ஸ்பீக்கரைச் சற்றுக் குறைக்க முடியுமா?" என்று பணிவாகக் கேட்டான். குறைத்தார்கள். எதிரொலி நின்றது. அதன் பிறகு அவன் திணறவில்லை.